அவள் தாடையில் நான் முடுக்கிய திருகு

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். பல் டாக்டர் அம்மா ஒருவர், வயது முப்பத்தைந்து இருக்கும். தட்டில் சாமான் எடுத்துக் கொடுக்கும் பெண் ஒருவர். விளக்கின் கீழே சாய்வு நாற்காலியில் என் மனைவி. கதவோரம், கையில் ஃபைலோடு நான்.

இரண்டு வருஷத்துக்கு முன், சித்திரை மாதம். ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு பல் ஆஸ்பத்திரி. காலை பதினொரு மணி இருக்கும்.

டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என் மனைவிக்காக நான்தான் பதில் சொல்லுவேன். அன்று எனக்கு வாய் வரவில்லை. அது ஏன் என்று சொல்ல, கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. எட்டாவது வரை படித்தேன். ஓசூர் தொழிற்பேட்டையில் கியர் செய்யும் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மிஷினை இறக்கி, தரையில் போல்ட் பதித்து, மட்டம் பார்த்து நிறுத்துவது என் வேலை. ரிட்டயர் ஆனதும் உத்தனப்பள்ளிப் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். மனைவிக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு. அவள் பிறந்த ஊர் கர்நாடகாப் பக்கம், ஆனேக்கல் தாண்டி. வீட்டில் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் கன்னடம்.

அவளுக்கு இடது பக்கம் கீழ்ப்பல் இரண்டு போய்ப் பத்து வருஷம் இருக்கும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் களிதான் அதிகம். களியை யாரும் மெல்லுவதில்லை, குழம்பில் தொட்டு விழுங்குவதுதான். அதனால் அவள் மெல்ல முடியாமல் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் எல்லாரும் கடலைக்காய் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் உரித்து உரித்து என் கையிலேயே போட்டாள். "நீ தின்னலயா?" என்றேன். "வலது பக்கமும் இப்ப வலிக்குதுங்க. எந்தப் பக்கம் மெல்றது?" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். "இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றாள்.

கழற்றி மாட்டும் பல் செட் ஒன்று ஏற்கெனவே செய்திருந்தோம். ஈறை அறுக்கிறது என்று டப்பாவில் போட்டு வைத்துவிட்டாள். மகள்தான் போனில் சொன்னாள், எலும்பில் திருகு வைத்துப் பல் கட்டுகிறார்கள், அங்கே போங்கள் என்று. போனோம்.

முதல் நாள் டாக்டர் அவளை நாற்காலியில் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று. அவள் வாயில் கண்ணாடியும் பஞ்சும் இருந்தது. நான் சொன்னேன்.

"சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணுங்க. வேற ஒண்ணும் இல்ல."

அவள் கையைத் தூக்கினாள். ஏதோ சொல்ல வந்தாள். "சும்மா படு, டாக்டர் பாக்கறாங்க இல்ல," என்றேன். கையை இறக்கிக்கொண்டாள்.

அவள் சொல்ல வந்தது திங்கட்கிழமை மாத்திரை. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். சின்னதாக விழுந்ததுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. கிருஷ்ணகிரி எலும்பு டாக்டர், எலும்பு மெலிந்து போயிருக்கிறது என்று சொல்லி வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போடுவாள். எனக்கு அது சத்து மாத்திரை மாதிரி. நோய்க்குப் போடுவதுதான் மாத்திரை என்று நினைத்திருந்தேன். அதனால் சொல்லவில்லை. மறைக்கவில்லை. கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

படம் எடுத்தார்கள். பல் போன இடத்தில் எலும்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனாலும் இரண்டு திருகு வைக்க இடம் இருக்கிறது என்றார் டாக்டர். மாசி மாதம் வைத்தார். திருகின் தலை ஈறுக்கு மேலே கொஞ்சம் தெரியும். அதற்கு ஒரு சின்ன மூடி. நான்கு மாதம் எலும்பு பிடிக்க வேண்டும், அதுவரை அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது, பிறகுதான் பல் என்றார்.

நான் சொன்னேன், "தெரியுங்க. பவுண்டேஷன் போல்ட் மாதிரிதான. கான்கிரீட் இறுகற வரைக்கும் நட்டு முடுக்கக் கூடாது."

டாக்டர் சிரித்தார். "கிட்டத்தட்ட அதேதான். ஆனா கான்கிரீட் ஒரு தடவை இறுகிட்டா போதும். எலும்பு உயிரோட இருக்குது இல்லீங்களா? தினமும் கொஞ்சம் கரையும், தினமும் கொஞ்சம் கட்டும். இந்த வயசுல கட்டறது மெதுவாத்தான் நடக்கும். நாம பொறுமையா இருக்கணும்."

எனக்கு அதில் கேட்க ஒன்றும் இல்லை. என் வேலையை எனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கிவிட்டு வந்தாள்.

"ஏங்க, பின்னாடி இருக்கறது ஆடற மாதிரி இருக்குது."

டார்ச் அடித்துப் பார்த்தேன். திருகு ஆடவில்லை. மேலே இருந்த மூடிதான் அரைச் சுற்று கழன்றிருந்தது. மூடியின் நடுவில் ஆறு முனைக் குழி. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, ஆலன் கீ என்கிற ஆறு முனைச் சாவி போடும் குழி.

"டாக்டருக்கு போன் பண்ணலாங்க," என்றாள்.

"இதுக்குப் போயா? பஸ் ஏறிப் போயி, உக்காந்து, ரெண்டு நிமிஷ வேலைக்கு? நான் பாத்துக்கறன்."

"வேணாங்க."

"முப்பத்திரண்டு வருஷமா என்னா பண்ணிட்டு இருந்தன்னு நெனச்ச?"

டூல் பாக்ஸை எடுத்தேன். இருப்பதிலேயே சின்ன கீ அந்தக் குழிக்குப் பெரிதாக இருந்தது. உட்கார்ந்து அரம் போட்டு ராவினேன். அரை மணி நேரம் ஆனது. முனை சரியாக உட்காரும்படி ராவி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டேன். வாயில் நழுவித் தொண்டைக்குள் போய்விடக் கூடாது என்று கீயின் வளைவில் நூல் கட்டி, நூலை என் விரலில் சுற்றிக்கொண்டேன். அவ்வளவும் யோசித்தேன்.

வாசலில் வெளிச்சத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். கீ குழியில் சரியாக உட்கார்ந்தது. மெதுவாகத் திருப்பினேன். மூடி இறங்கியது. உட்கார்ந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. போல்ட் உட்கார்ந்த பிறகு கடைசியாக ஒரு இழுப்பு இழுத்து விடுவோம். அதிர்வில் கழலாமல் இருக்க. அது மூளை செய்வதில்லை, கை தானாகச் செய்யும். என் கை செய்துவிட்டது.

உள்ளே ஏதோ விட்டது. மூடி மட்டும் சுற்றவில்லை. மூடியோடு சேர்ந்து கீழே இருந்த திருகே சுற்றியது. விரலுக்குத் தெரிந்தது. இறுகாத கான்கிரீட்டில் போல்ட் சுற்றினால் எப்படித் தெரியுமோ, அப்படியே. மேலே காய்ந்து வெள்ளையாக இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். இதற்காக நான் கம்பெனியில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

அவள் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர்.

"ஆயிடுச்சா?" என்றாள்.

"ஆயிடுச்சு," என்றேன்.

பத்து நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். முதலில் வலி. பிறகு ஈறு வீங்கியது. சூடாக ஒன்றும் சாப்பிட முடியவில்லை. களியை ஆறவைத்து மோரில் கரைத்துக் குடித்தாள். நான் தினமும் "சரியாப் போயிடும்" என்றேன். பதினோராவது நாள் அவளே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பின்னாலேயே நான் போனேன். அந்தக் கீயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன்.

டாக்டர் பின்னால் இருந்த திருகைத் தொட்டார். ஆடியது. மரத்துப்போக மருந்து போட்டு விரலாலேயே திருப்பினார். வந்துவிட்டது. இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தட்டில் வைத்தார். முன்னால் இருந்ததைத் தட்டிப் பார்த்தார், அது நின்றது. படம் எடுத்தார். வெகு நேரம் படத்தையே பார்த்தார்.

"சுகர் கட்டுக்குள்ள இருக்குது. நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் விட்டுச்சு? எதையாவது கடிச்சீங்களா?"

இதுதான் அந்தக் கேள்வி. நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் சொன்னாள், "கடலைக்காய் கடிச்சிட்டன் டாக்டர்."

என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

டாக்டர் தலையை ஆட்டினார். "ஒரு கடலைக்காயால இப்பிடி சுத்திக்கிட்டு வராதும்மா. எலும்பே பிடிக்கலைன்னுதான் நினைக்கிறேன். அப்படின்னா இன்னொண்ணையும் நம்பி மேல பல்லு வைக்க எனக்குப் பயமா இருக்கு. இதோட நிறுத்திக்கலாம்."

அவள் முகம் விழுந்துவிட்டது. விளக்கின் கீழே வாயை மூடிக்கொண்டு மேலே பார்த்தாள். என் பெயர் கெடக் கூடாது என்று அவள் சொன்ன ஒரு வார்த்தையால் நின்றுகொண்டிருந்த திருகும் போகப் போகிறது.

நான் பையிலிருந்து கீயை எடுத்து அந்தத் தட்டில் வைத்தேன். நூல் அதிலேயே இருந்தது.

"நான் முடுக்கினங்க. மூடி கழண்டிருந்துச்சு. முடுக்கறப்ப திருகே சுத்திருச்சு. அவ ஒண்ணும் கடிக்கல."

உதவிக்கு நின்ற பெண் கீயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. கீயை எடுத்து முனையைப் பார்த்தார்.

"நீங்களே ராவினீங்களா?"

"ஆமாங்க."

"கொதிக்க வெச்சீங்களா?"

"வெச்சங்க."

"அதையாவது பண்ணினீங்களே."

டிராயரிலிருந்து சின்ன ரெஞ்ச் ஒன்றை எடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும். எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்ட முள்ளும் அளவுக் கோடும் இருந்தது. இதே மாதிரி கம்பெனியில் நான் பிடித்த டார்க் ரெஞ்ச் என் கை நீளம். மேஜையில் இருந்த பிளாஸ்டிக் தாடை பொம்மையில் அதை மாட்டி, "அன்னைக்கு முடுக்கின மாதிரி முடுக்குங்க," என்றார். முடுக்கினேன். முள் கடைசிக் கோட்டையும் தாண்டிவிட்டது. அந்த மூடிக்கு எவ்வளவு போதும் என்று முதல் கோட்டைக் காட்டினார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு நாற்காலியை நிமிர்த்தி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவள் பேச்சில் தெரிந்திருக்கும் போல, கன்னடத்தில், "நீவு ஹேளி அம்மா," என்றார். நீங்கள் சொல்லுங்கள் என்று. ஆஸ்பத்திரியில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். விழுந்தது, மணிக்கட்டு, கிருஷ்ணகிரி டாக்டர், திங்கட்கிழமை மாத்திரை, மூன்று வருஷம். ஒரு தடவை கேட்டதற்கு எல்லாம் வந்துவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அந்த மாத்திரை எலும்பு கரையாமல் பிடித்து வைக்கும், கைக்கும் இடுப்புக்கும் அது நல்லது, ஆனால் தாடையில் காயம் பட்டால் சில பேருக்கு ஆற நாளாகும் என்றார். எங்கோ ஒருவருக்குப் புண் மூடாமல் எலும்பு வெளியே தெரிந்துகொண்டே இருக்கும், அது பெரிய தொல்லை என்றார். முன்னாலேயே தெரிந்திருந்தால் எலும்பு டாக்டரிடம் பேசிவிட்டு, ஒவ்வொன்றாக, இன்னும் நிதானமாகச் செய்திருப்பேன் என்றார். என்னைத் திட்டவில்லை. ஃபைலில் முதல் நாள் எழுதியதைக் காட்டினார். வேறு மாத்திரை இல்லை என்று இருந்தது. அது நான் சொன்னது.

"அப்ப இன்னையிலருந்து அந்த மாத்திரைய நிறுத்திடறங்க," என்றேன்.

அப்போதுதான் டாக்டருக்குக் கோபம் வந்தது. "மறுபடியுமா? நிறுத்தணுமா வேணாமான்னு அதைக் குடுத்த டாக்டர் சொல்லணும். நாளைக்கு இடுப்பு முறிஞ்சா என்ன பண்ணுவீங்க? அதுக்கும் கீ ராவுவீங்களா?"

இந்தத் தடவை உதவிக்கு நின்ற பெண் சத்தமாகவே சிரித்துவிட்டாள். என் மனைவியும் சிரித்தாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று.

"கம்பெனில அத்தன பேரும் மேஸ்திரி மேஸ்திரின்னு கூப்பிட்ட ஆளு. மக வயசுப் பொண்ணு முன்னாடி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறத நான் பாக்கணுமா?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள், "மிஷினுக்கு வாய் இல்ல. நீங்களாத்தான் பாத்து முடுக்கணும். எனக்கு வாய் இருக்குது. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."



கிருஷ்ணகிரி டாக்டரிடம் போனபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் மட்டும் உள்ளே போய் எல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு டாக்டரும் போனில் பேசிக்கொண்டார்கள். மாத்திரை விஷயத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே வேலை. திருகு இருந்த குழி மூட வேண்டும். எட்டு வாரத்துக்குள் மூடவில்லை, எலும்பு தெரிகிறது என்றால் அது அந்தப் பெரிய தொல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

வாரம் ஒரு தடவை ஓசூர் போனோம். உப்புத் தண்ணீர், எழுதிக் கொடுத்த மருந்துத் தண்ணீர். மூன்றாவது வாரம் குழி அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். ஐந்தாவது வாரம் கொஞ்சம் பரவாயில்லை என்றார். வீட்டில் ஒரு நாள் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"டார்ச்சக் கீழ வையுங்க," என்றாள்.

"பாக்கத்தான போறன்."

"பாத்தா கை சும்மா இருக்காது உங்களுக்கு. வையுங்க."

வைத்துவிட்டேன். கோழிக்குத் தீனி போட்டேன், வாசல் பெருக்கினேன், களி கிளறக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் கட்டியாகப் போய்விட்டது. அவள் அதையும் விழுங்கினாள். இப்போது பரவாயில்லாமல் வருகிறது.

ஏழாவது வாரம் குழி மூடிவிட்டது. டாக்டர் சொன்னதும் அவள் நாற்காலியிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

நின்ற திருகுக்கு இன்னும் நாள் கொடுத்தார் டாக்டர். நான்கு மாதம் என்றது ஒன்பது மாதமானது. கார்த்திகையில் அதன் மேல் பல் வைத்தார். அன்று அவளிடமே கேட்டார், போன இடத்தில் ஒரு வருஷம் கழித்து எலும்பைப் பார்த்துவிட்டு இன்னொன்று முயற்சி செய்யலாமா என்று. வைத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூடிக்கொண்டேன். "வேணாம் டாக்டர். இந்த ஒண்ணு போதும். இத வெச்சு சமாளிச்சுக்கறன்," என்றாள் அவள். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, சாயங்காலம் கடலைக்காய் வறுத்தாள். ஒன்றை உரித்து இடது பக்கம் போட்டாள். நான் பேப்பர் பார்க்கிற மாதிரி இருந்தேன். நொறுங்குகிற சத்தம் கேட்டது. இரண்டாவதும் போட்டாள். அன்று எனக்கு உரித்துத் தரவில்லை. அவளே தின்றாள்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம். திருகைச் சுற்றி எலும்பு கரைகிறதா என்று அவ்வப்போது படம் எடுத்துப் பார்க்க வேண்டும், வாழ்நாள் முழுக்க என்று சொல்லியிருக்கிறார்கள். இதுவரை நிற்கிறது. நான் ஃபைலைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்துகொள்கிறேன். டாக்டர் கேட்பார். அவள் சொல்வாள். சில விஷயம் எனக்கே அங்கேதான் தெரிய வருகிறது, முட்டி வலிப்பது, ராகி தவிர வேறு மாவு ஒத்துக்கொள்ளாதது எல்லாம். அந்தக் கீ நூலோடு என் டூல் பாக்ஸில் தனி டப்பாவில் கிடக்கிறது. வேறு எதற்கும் அதை எடுப்பதில்லை.

வேலை தெரிந்த கை என்று நம்பித்தான் தொட்டேன். யாருடைய எலும்போ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பதை அறுபத்து நாலு வயதில் கற்றுக்கொண்டேன், அதற்கு அவள் பல் போனது. வைத்தது இரண்டு. நிற்பது ஒன்று.